டர்பன் நகர நடுவில் குடித்தனம்: புதிதாக வருவோர் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருவோரில் பலர், முதல் சில வாரங்களை நிறுவனம் ஏற்பாடு செய்த விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ கழித்துவிட்டு, அதன்பின் நகரின் நடுப்பகுதியிலேயே ஒரு ஃபிளாட் பிடிக்க விரும்புகிறார்கள். வேலையிடம் பக்கத்தில் இருக்கும், கார் வாங்கும்வரை காலம் தள்ளலாம், மளிகைக்கும் மருத்துவமனைக்கும் அலைய வேண்டாம் என்பவை நியாயமான காரணங்களே. அப்படி வருவோருக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற புறநகர்களில் தனிவீடு தேடுவோருக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

‘அந்த ஏரியா நல்லதா?’ என்றுதான் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நகர நடுவைப் பொறுத்தவரை, ‘அந்தக் கட்டடத்தை யார், எப்படி நடத்துகிறார்கள்?’ என்று கேட்பதே பயன் தரும். ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கட்டடங்களில் ஒன்றில் லிஃப்ட் ஒழுங்காக ஓடும், வாசலில் காவலாளி பெயர் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார், குப்பை நாள் தவறாமல் போகும். மற்றொன்றில் ஒன்பதாம் மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு படியேற வேண்டியிருக்கும். வாடகை வித்தியாசமோ சில நூறு ராண்டுதான் இருக்கும். ஆகவே, கீழே சொல்லப்படும் படிகளில் கட்டடத்தைப் பார்க்கும் படிக்கே மிகுந்த நேரத்தை ஒதுக்குங்கள்.

முதற்படி: தெருப்பெயர்களைப் பழகிக்கொள்ளுதல்

டர்பனின் நடுத்தெருக்கள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. 2008ஆம் ஆண்டை ஒட்டி, டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சி ஏராளமான தெருக்களுக்குப் புதுப்பெயர் சூட்டியது. பலகையிலும் வரைபடச் செயலியிலும் புதுப்பெயர் இருக்கும், ஆனால் நெடுநாள் குடியிருப்போர், குறிப்பாக வயதான இந்திய வம்சாவளியினர், பழைய பெயரையே சொல்வார்கள். வெஸ்ட் தெரு இப்போது டாக்டர் பிக்ஸ்லி காசெமே தெரு. ஸ்மித் தெரு ஆன்டன் லெம்பேடே தெரு. பைன் தெரு மான்ட்டி நாயக்கர் சாலை. கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. விக்டோரியா தெரு பெர்த்தா முகீசே தெரு. பாயிண்ட் சாலை மகாத்மா காந்தி சாலை. பெரியா சாலை கிங் தினுசுலு சாலை. விண்டர்மியர் சாலை லிலியன் ங்கோயி சாலை. வீட்டு விளம்பரங்களில் இரண்டு வகைப் பெயர்களும் கலந்தே வரும் என்பதால், பார்க்கப் போகும் தெருக்களின் இரு பெயர்களையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால் வாடகை வண்டிக்காரரிடமும் தரகரிடமும் குழப்பம் இராது. போக்குவரத்து விளக்கை இங்கே எல்லோரும் ‘ரோபோட்’ என்பார்கள். ‘இரண்டாவது ரோபோட்டில் இடப்பக்கம் திரும்பு’ என்றால் திகைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: எந்தப் பக்கம் தேடுவது

கடலுக்கு மேற்கே சமதளத்தில் நகர மையமும், அதற்கு அப்பால் பெரியா மேடும் அமைந்துள்ளன. தேடுவோருக்கு இது மூன்று பட்டைகளாகப் பிரியும்.

கடற்கரைப் பட்டையான சவுத் பீச், நார்த் பீச், பாயிண்ட் ஆகியவற்றில் உயரமான பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. உஷாகா கடற்காட்சியகத்திலிருந்து வடக்கே நீளும் நடைபாதையில் காலையில் நடப்பது இந்நகரத்தின் பெரிய சுகங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் கடல்காற்றின் உப்பு ஜன்னல் கம்பி முதல் குளிர்ப்பெட்டியின் முதுகுவரை எல்லாவற்றையும் அரிக்கும். விடுமுறைக் காலத்தில், முக்கியமாக டிசம்பரில், இரவு நெடுநேரம் இரைச்சல் இருக்கும். நல்ல கட்டடமும் சீர்கெட்ட கட்டடமும் மிக நெருக்கமாகக் கலந்திருப்பதும் இங்கேதான்.

நகர மையத்தில் கிரே தெருவும் அதன் சுற்றுப்புறமும் பழைய இந்திய வணிகப் பகுதி. ஜும்மா பள்ளிவாசல், மதரஸா ஆர்கேட், விக்டோரியா தெருச் சந்தை ஆகியவை இங்கே உள்ளன. கடைகளுக்கு மேலே மாடிவீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். பகலில் இதைவிட வசதியான இடம் இல்லை. கடைகள் அடைத்தபின் தெரு வெறிச்சோடிவிடும் என்பதால், மாலையில் தாமதமாக வீடு திரும்புகிற வேலையில் இருப்போருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

மேட்டுப்பகுதியில் உம்பிலோ, கிளென்வுட், மஸ்கிரேவ், மார்னிங்சைட் ஆகியவை மரங்கள் அடர்ந்த தெருக்களும் மூன்று நான்கு மாடிக் கட்டடங்களும் கொண்டவை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகம் கிளென்வுட்டை ஒட்டி இருப்பதால் மாணவர்கள் அங்கே அதிகம். வாடகை சற்றுக் கூடும்; குடும்பத்தோடு வருவோர் இங்கே தொடங்குவது நல்லது. இங்கே ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். வெர்வெட் குரங்குகள் கூட்டமாக வரும். மேசைமேல் வாழைப்பழத்தை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து போட்டுப் போனால், திரும்பி வரும்போது பழமும் இராது, சமையலறையும் சமையலறையாக இராது.

தமிழர் குடியிருப்பு என்று தனியாக ஒன்று நகர நடுவில் இருக்கும் என எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களின் வழியினரும் இந்நகரில் பெருந்தொகையினராக இருக்கிறார்கள். ஆனால் 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து அவர்களைப் பெயர்த்து, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குடியமர்த்தியது. இன்று நகர நடுவில் உங்கள் பக்கத்து வீட்டில் சூலு குடும்பமோ, காங்கோ, மலாவி, எத்தியோப்பியா, வங்கதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களோ இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

மூன்றாம் படி: கட்டடத்தைப் பார்த்தல்

ஃபிளாட்டைப் பார்க்கும் முன் கட்டடத்தைப் பாருங்கள். ஒருமுறை பகலிலும் ஒருமுறை இருட்டிய பின்பும் பாருங்கள். இரவில் தனியாகப் போகாமல், வாடகை வண்டியில் போய் வாசலிலேயே இறங்குவது நல்லது. நுழைவாயில் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறதா, இல்லை செங்கல் வைத்துத் திறந்து விட்டிருக்கிறார்களா என்பது ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும். லிஃப்டில் ஏறிப் போய், படியில் இறங்கி வாருங்கள். படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, தீயணைப்புக் குழாயின் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, குப்பை தேங்கியிருக்கிறதா, ஈரம் கசிந்து சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறதா என்பவை இறங்கும்போதுதான் கண்ணில் படும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தாள்களை நின்று வாசியுங்கள். பராமரிப்புக் கட்டணம் செலுத்தாதோர் பற்றிய எச்சரிக்கைகளும், தண்ணீர் நிறுத்தப்படும் அறிவிப்புகளும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருந்தால் அக்கட்டடத்தின் நிதிநிலை எப்படிப்பட்டது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். இங்கே ஃபிளாட்டுகள் பெரும்பாலும் தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தம். பொது இடங்களை ‘பாடி கார்ப்பரேட்’ எனப்படும் உரிமையாளர் அமைப்பு நிர்வகிக்கிறது. ஒவ்வோர் உரிமையாளரும் மாதந்தோறும் ‘லெவி’ என்ற பராமரிப்புக் கட்டணம் செலுத்த, அதிலிருந்து காவல், லிஃப்ட், காப்பீடு, பல கட்டடங்களில் தண்ணீர்க் கட்டணமும் செலுத்தப்படும். உரிமையாளர்கள் பலர் லெவி கட்டாமல் விட்டால் கட்டடத்தின் மாநகராட்சிக் கணக்கு கடனில் விழும். அப்போது வாடகையைத் தவறாமல் கட்டியவரின் குழாயும் சேர்ந்தே வறண்டுபோகும். முற்றிலும் கைவிடப்பட்ட கட்டடங்கள்மீது நடவடிக்கை எடுக்க 2015ஆம் ஆண்டிலேயே மாநகராட்சி தனித் துணைவிதி ஒன்றைக் கொண்டுவந்தது என்பதிலிருந்து இச்சிக்கலின் அளவை ஊகிக்கலாம். எனவே காவலாளியிடமும், மேற்பார்வையாளர் இருந்தால் அவரிடமும், லிஃப்டில் எதிர்ப்படும் குடியிருப்போர் ஒருவரிடமும் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: சென்ற மாதம் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, லிஃப்ட் கடைசியாக எப்போது பழுதானது, நிர்வாக முகவருக்குத் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கிறார்களா? பதில் சொல்பவரின் முகத்தையும் கவனியுங்கள்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவற்றில் நம்மவர்கள் தவறவிடுவது திசைதான். இது தென்கோளம், நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூன், ஜூலை மாதக் குளிரிலும் வெயில் விழும், துணி காயும். தெற்குப் பார்த்த வீட்டுக்குத் தென்றல் வரும் என்று ஊரில் சொல்வதை இங்கே நம்பிவிடக் கூடாது. குளிர்காற்றும் மழைச்சாரலும் தென்மேற்கிலிருந்தே அடிக்கும், கோடையின் புழுக்கத்தில் அந்தச் சுவர்களில் பூஞ்சணம் பிடிக்கும். அலமாரிகளைத் திறந்து மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். குழாயைத் திறந்து நீரின் வேகத்தைப் பாருங்கள். ஜன்னல்களில் கம்பி இருக்கிறதா, முன்கதவுக்கு வெளியே இரும்புக் கதவு இருக்கிறதா, கீசர் ஒழுகாமல் சூடேறுகிறதா, கைபேசியில் சிக்னல் கிடைக்கிறதா என்பவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: வாடகை ஒப்பந்தமும் முன்பணமும்

வீட்டை நேரில் பார்க்காமல், சாவியைக் கண்ணால் காணாமல், ஒரு ராண்ட்கூட அனுப்பக் கூடாது. வேறொருவர் வீட்டின் படங்களைப் போட்டு, ‘வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று எழுதும் மோசடி இங்கே சாதாரணம். புதிதாக வருவோரே அதற்கு இரையாகிறார்கள். தரகர் வழியாகப் போனால், சொத்துத் தொழிலர் ஒழுங்குமுறை ஆணையம் வழங்கும் காலாவதியாகாத நம்பகநிதிச் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லாமல் தரகு செய்வது சட்டப்படி குற்றம். முறையான தரகர் இக்கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

தரகர் உங்களிடம் கேட்பவை கடவுச்சீட்டு, விசா, வேலை உறுதிக் கடிதம், சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை. இந்நாட்டில் கடன் வரலாறு இல்லாதவர் என்பதால் புதிதாக வருவோரின் விண்ணப்பம் பல நேரம் ஓரம் கட்டப்படும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து சம்பளத்தையும் ஒப்பந்தக் காலத்தையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கி இணைப்பதும், தேவையானால் ஒரு மாத வாடகை கூடுதலாக முன்பணம் தர முன்வருவதும் பெரும்பாலும் பலன் தரும். முன்பணம் வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு மாத வாடகையே. ஊரில் பழகிய கணக்கில் பல மாத அட்வான்ஸுக்குத் தயாராகி வர வேண்டியதில்லை, அப்படிக் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

1999ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் குடியிருப்போருக்குக் கணிசமான பாதுகாப்பைத் தருகிறது. நீங்கள் கேட்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் தர வேண்டும்; செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தர வேண்டும்; முன்பணத்தை வட்டி வரும் கணக்கில் போட்டு, காலி செய்யும்போது வட்டியோடு திருப்ப வேண்டும். குடிபுகும் முன் உரிமையாளரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் பழுதுகளைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். இந்தக் கூட்டுப் பார்வையை அவசரத்தில் விட்டுவிடுவோரே பிற்பாடு முன்பணத்துக்காக மல்லுக்கட்டுகிறார்கள். சுவரின் கீறல், தரைவிரிப்பின் கறை, அடுப்பின் வேலை செய்யாத தட்டு, உடைந்த ஓடு என எதையும் விடாமல் எழுதி, தேதி தெரியும்படி படமும் எடுத்து, அன்றைக்கே மின்னஞ்சலில் உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களை உற்று வாசியுங்கள். ஒன்று, தண்ணீரும் மின்சாரமும் வாடகையில் அடக்கமா, தனியா என்பது. மற்றொன்று, இடையில் காலி செய்வது பற்றியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தனிநபரான நீங்கள் 20 வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் காலவரை ஒப்பந்தத்தை முறிக்கலாம்; உரிமையாளர் நியாயமான அளவில் இழப்பீடு கேட்கலாம். வேலை மாற்றத்துக்கு வாய்ப்புள்ளவர்கள், அந்த இழப்பீடு எவ்வளவு என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கட்டடத்தின் நடத்தை விதிகள் தனித் தாளாக இருக்கும். அதன் பிரதியையும் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் அதை மீறினால் வரும் அபராதம் உரிமையாளர் வழியாக உங்களிடமே வந்து சேரும்.

ஐந்தாம் படி: மின்சாரம், தண்ணீர், முகவரிச் சான்று

பெரும்பாலான ஃபிளாட்டுகளில், மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டும் மீட்டர் இருக்கும். மீட்டர் எண்ணைச் சொல்லி வங்கிச் செயலியிலோ கடையிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும். அதை மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். குடிபுகும் நாளிலேயே உரிமையாளர் கண்முன் சிறு தொகைக்கு வாங்கி ஏற்றிப் பாருங்கள். 2024 நவம்பர் 24க்கு முன் புதுக் குறியீட்டுக்கு மாற்றப்படாத பழைய மீட்டர்கள் புதிய எண்களை ஏற்பதில்லை என்பதால், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் இந்தச் சோதனை மிக அவசியம். சில கட்டடங்களில் மாநகராட்சியின் மீட்டர் இல்லாமல் தனியார் துணைமீட்டர் இருக்கும். அதில் சேவைக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள், வாடகையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மின்னழுத்தம் ஊரில் உள்ளதே, 230 வோல்ட். ஆகவே மிக்சியும் கிரைண்டரும் தாராளமாக ஓடும். மூன்று தடித்த உருண்டை முள் கொண்ட இங்குள்ள பிளக், ஊரில் ஏ.சி.க்கும் கீசருக்கும் போடும் பெரிய பிளக்கேதான். சிறிய பிளக் பொருந்தாது. பிளக்கை மட்டும் மாற்றிவிட்டால் போதும், மின்மாற்றி எதுவும் தேவையில்லை. அடுப்பு பெரும்பாலும் மின்தட்டு அடுப்பாக இருக்கும் என்பதால் அடி தட்டையான தோசைக்கல்லும் குக்கரும் கொண்டுவாருங்கள். எரிவாயு சிலிண்டர் வைத்துக்கொள்ளக் கட்டட விதி இடம் தருகிறதா என்று கேட்டபின்பே அதை வாங்குங்கள்.

‘லோட் ஷெட்டிங்’ எனப்படும் முறைவைத்த மின்வெட்டு 2024 மார்ச்சுக்குப் பின் பெருமளவு ஓய்ந்திருந்தாலும், 2025 தொடக்கத்தில் சில நாட்கள் திரும்பி வந்தது. அது இல்லாவிட்டாலும் உள்ளூர்க் கேபிள் பழுதுகள் உண்டு. மின்சாரம் போனால் உயரமான கட்டடத்தில் லிஃப்ட் மட்டுமல்ல, நீரேற்றும் மோட்டாரும் நின்றுவிடும். மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் ஓரிரு குடம் தண்ணீரும் மின்கலத்தில் எரியும் விளக்கும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கதே.

கைபேசி சிம் வாங்குவதற்கும் வங்கிக் கணக்கு திறப்பதற்கும் முகவரிச் சான்று கேட்பார்கள். வங்கி மூன்று மாதத்துக்கு உட்பட்ட தாளையே ஏற்கும். உங்கள் பெயரில் எந்தக் கட்டண ரசீதும் இராது என்பதுதான் சிக்கல். கையொப்பமிட்ட வாடகை ஒப்பந்தத்தோடு, உரிமையாளர் ‘இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்’ என்று எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் சேர்ந்தால் வேலை முடியும். பிரதிகளுக்குச் சான்றொப்பமும் உறுதிமொழிப் பத்திரத்துக்கு முத்திரையும் எந்தக் காவல் நிலையத்திலும் கட்டணமின்றிப் போட்டுத் தருவார்கள். காவல் நிலையத்துக்குப் போவதா என்று நம்மவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அது அன்றாட வேலை, மூலத்தாளையும் கறுப்பு மையில் பேனாவையும் கொண்டுபோனால் போதும். கடவுச்சீட்டின் மூலத்தை வீட்டில் பத்திரப்படுத்தி, சான்றொப்பமிட்ட பிரதியோடு வெளியே செல்லுங்கள்.

ஆறாம் படி: வெளியே போய்வருதல்

வழிப்பறி இந்நகரில் உண்மையான அபாயம். அதை மறைப்பதிலும் பயனில்லை, அதற்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடப்பதிலும் பயனில்லை. தெருவில் நடந்துகொண்டே கைபேசியைப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டுமானால் கடைக்குள் நுழைந்து பாருங்கள். தாலிச் சங்கிலியைப் பெண்கள் ஆடைக்குள் மறைத்து அணிவதோ, வெளியே போகும்போது மஞ்சள் கயிற்றோடு இருப்பதோ நல்லது. இருட்டிய பின் குறுந்தூரமானாலும் செயலி வழி வாடகை வண்டியே சரி. வண்டி எண்ணைச் சரிபார்த்து, கட்டடத்தின் உள்ளிருந்தே காத்திருந்து ஏறுங்கள். ஏ.டி.எம். அருகே ‘உதவி’ செய்ய வருபவரிடம் அட்டையைக் கொடுக்கவே கூடாது. காவல்துறைக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து எந்த அவசரத்துக்கும் 112 என்பவற்றைப் பதிந்து வையுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஆடிங்டன் கடற்கரையிலும், முன்பு எட்டாம் எட்வர்டு மன்னர் மருத்துவமனை எனப்பட்ட விக்டோரியா ம்க்செங்கே மருத்துவமனை உம்பிலோ பக்கத்திலும் உள்ளன. தனியார் மருத்துவமனைகள் காப்பீட்டு எண்ணையோ முன்பணத்தையோ முதலில் கேட்கும் என்பதால் காப்பீட்டு அட்டையின் படத்தைக் கைபேசியில் வைத்திருங்கள்.

பகலில் நகரைச் சுற்ற மினிபஸ் டாக்சியே மலிவு. விரலால் சைகை காட்டி நிறுத்துவதும், சில்லறையை முன்வரிசைக்குக் கைமாற்றி அனுப்புவதும், இறங்குமிடத்தைக் குரல் கொடுத்துச் சொல்வதும் வழக்கம். முன்னிருக்கையில் உட்கார்ந்தால் எல்லோருடைய சில்லறையையும் எண்ணித் தரும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பழகும்வரை பின்னால் உட்காருங்கள். பெருந்தாள் கொடுத்துச் சில்லறை கேட்பது எரிச்சலூட்டும். டாக்சி நிலையங்களில் பெரும்பாலானவை வார்விக் சந்திப்பில் உள்ளன.

அதே சந்திப்பில்தான் அதிகாலைச் சந்தை இருக்கிறது. காய்கறிக்கு இதைவிட நல்ல இடம் நகர நடுவில் இல்லை. கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய், முருங்கைக்காய், பாகற்காய் எல்லாம் வரும். கீரையை இங்குள்ள இந்தியர்கள் ‘ஹெர்ப்ஸ்’ என்றும், சேப்பங்கிழங்கை ‘மடும்பி’ என்றும் கேட்டு வாங்குவார்கள். சமையல் பொடிகளுக்கு விக்டோரியா தெருச் சந்தை உண்டு. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காகக் கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் வண்ணப் பொடிகளைவிட, உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையில் அரைத்துத் தருவதை வாங்குவதே அறிவு. மோருக்கும் மோர்க்குழம்புக்கும் எல்லாக் கடையிலும் கிடைக்கும் ‘அமாசி’ என்ற புளித்த பால் கைகொடுக்கும். கோடையில் மாவு சில மணி நேரத்தில் பொங்கிவிடும், ஜூலையில் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: அக்கம்பக்கம்

குடிபுகுந்த வாரத்திலேயே உங்கள் தளத்தில் இருப்போருக்கும் காவலாளிக்கும் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். சூலு மொழியில் ‘சௌபோனா’ என்று வணங்கி, நலம் கேட்டபின் செய்தியைச் சொல்வதே இங்கு மரியாதை. நேரடியாகக் காரியத்துக்குப் போவது முரட்டுத்தனமாகப் படும். வயதில் மூத்த ஆணைப் ‘பாபா’ என்றும், மூத்த பெண்ணை ‘மாமா’ என்றும் அழைப்பார்கள். நமக்கு நாக்கில் வரச் சில நாள் ஆகும். நன்றிக்கு ‘ங்கியபோங்கா’. காவலாளியின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு, வருகிறவர்கள் பற்றி முன்கூட்டியே சொல்லி வைப்பவருக்கு அந்தக் கட்டடத்தில் எல்லாமே எளிதாகும்.

பெயர்ப்பலகையில் மூட்லி, பிள்ளே, நாயுடு, படையாச்சி என்று பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கிவிட வேண்டாம். பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். தேவாரமும் மாரியம்மன் தாலாட்டும் பாடத் தெரிந்தவர்கள்கூட உரையாடலுக்குத் தமிழைப் பயன்படுத்துவது அரிது. அதைக் குறையாகச் சுட்டிக் காட்டினால் உறவு அன்றே முறியும். மூத்தவர்களை ‘அன்டி’, ‘அங்கிள்’ என்று அழையுங்கள். அம்கேனி சாலையிலுள்ள வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயமும் கேட்டோ மேனரின் அம்பலவாணர் ஆலயமும் நகர நடுவிலிருந்து எளிதில் போகத் தக்கவை. தைப்பூசக் காவடியிலும், மக்காச்சோள மாவில் கூழ் காய்ச்சி ஊற்றும் அம்மன் வழிபாட்டிலும் கலந்துகொண்டால் ஒரே நாளில் ஊர் அறிமுகமாகிவிடும். வீடு, வேலையாள், நம்பகமான மெக்கானிக் பற்றிய செய்திகளும் கோயில் அன்னதான வரிசையிலேயே கிடைக்கும்.

ஃபிளாட்டுக்குள் கவனிக்க வேண்டியவை சில: விடியற்காலையில் கிரைண்டர் போடாதீர்கள், சாம்பிராணி போடும்போது புகையுணர் கருவி இருக்கும் கூடத்தைத் தவிருங்கள், பால்கனிக் கம்பியில் துணி உலர்த்தப் பல கட்டடங்களில் தடை உண்டு. தீபாவளிக்கு வெடிக்கலாமா, எந்த நேரத்தில் என்பதற்கு மாநகராட்சியின் அறிவிப்பையும் கட்டட விதியையும் சேர்த்தே பாருங்கள். கட்டட நிர்வாகத்தோடு தீராத வழக்கு என்றால் சமூகக் குடியிருப்புத் திட்டங்களுக்கான குறைதீர் அமைப்பிடம் முறையிடலாம். அதற்குமுன் உரிமையாளர் வழியாக எழுத்தில் புகார் கொடுத்துப் பதிலுக்குக் காத்திருந்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: காலி செய்தல்

காலி செய்யும் முடிவை எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலையும் வாங்குங்கள். கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்வது ஊர்வழக்கம். இங்கே அது ஒப்பந்த மீறலாகும். ஒப்பந்தம் முடியும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இருவரும் மீண்டும் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும்; அப்போது, குடிபுகும் முன் எழுதிய பட்டியலையும் படங்களையும் கையில் வைத்திருங்கள். உரிமையாளர் இந்தப் பார்வைக்கு வராமல் போனால், வீடு நல்ல நிலையில் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டதாகவே சட்டம் கொள்கிறது. பாக்கியும் பழுதும் இல்லையெனில் முன்பணம் வட்டியோடு 7 நாட்களுக்குள் வர வேண்டும். பழுதுபார்க்க வேண்டியிருந்தால் செலவைக் கழித்து, ரசீதுகளைக் காட்டி, வீட்டை உரிமையாளரிடம் ஒப்படைத்த 14 நாட்களுக்குள் மீதியைத் தர வேண்டும். நீங்கள் பார்வைக்கு வராமல் போனால் இது 21 நாள் வரை நீளும்.

பணம் வராவிட்டாலோ, நடுவில் உரிமையாளர் நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டை மாற்றினாலோ, வெளியேற்ற முயன்றாலோ மாகாண வாடகைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஒப்பந்தம், ரசீதுகள், இரண்டு பார்வைப் பட்டியல்கள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் பிரதிகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்; முன்பணம் வரவு வைக்கப்படும்வரை இந்நாட்டு வங்கிக் கணக்கையும் சிம்மையும் மூடாதீர்கள்.